சென்னை நகரின் தர்ம ஸ்தாபனங்கள்: தொகையும் வகையும்

வடசென்னையில் வயது முதிர்ந்த ஒருவரிடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதானே?" என்று அவர் திருப்பிக் கேட்பதை இன்றும் செவியுறலாம். 1782ஆம் ஆண்டில், ஹைதர் அலியோடு நிகழ்ந்த போரினால் சுற்றுப்புறக் கிராமங்கள் பாழ்பட்டு, பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் கோட்டை நகரை நோக்கித் திரள்திரளாக வந்தபோது, அவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்கென்று ஏற்பட்ட மணியக்காரர் சத்திரமே அப்பெயருக்கு மூலம். சத்திரத்தை ஒட்டி 1799இல் ஒரு மருத்துவசாலை எழுந்தது. அது நாளடைவில் சர்க்காரின் கைக்குப் போய், கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938இல் மருத்துவக் கல்லூரியாகவும் உயர்ந்தது. சத்திரமோ தன் பழைய காரியத்தை விடாமல், ஆதரவற்ற முதியோருக்கு அன்னமும் இடமும் அளிக்கும் இல்லமாக நின்றது. ஒரே வித்திலிருந்து முளைத்த இவ்விரண்டில் ஒன்று சர்க்கார் கணக்கிலும் மற்றொன்று தர்மக் கணக்கிலும் அடங்குகின்றன. இந்நகரில் லாபம் கருதாத ஸ்தாபனங்கள் எத்தனை, அவை எவ்வகையின என்று விழா மலர் ஒன்றுக்காகக் கட்டுரை வரையுமாறு நண்பர்கள் பணித்தபோது, முதலில் என் நினைவுக்கு வந்தது அந்தக் கஞ்சித் தொட்டிதான்.

எதை எண்ணுவது என்று தெளியாமல் எத்தனை என்று சொல்லுதல் இயலாது. ஐக்கிய நாட்டுச் சபை 2003இல் இதற்கென வெளியிட்ட கைந்நூல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் வகுத்த லக்ஷணங்களைத் தழுவி, ஓர் அமைப்பு நிலைத்த உருவம் பெற்றிருத்தல், அரசாங்கத்தினின்றும் வேறாயிருத்தல், வரும் மிச்சத்தை உடையவர்கள் பங்கிட்டுக் கொள்ளாதிருத்தல், தன்னைத் தானே நிர்வகித்துக் கொள்ளுதல், அதில் சேர்வது அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததாயிருத்தல் என ஐந்தைக் கூறுகிறது. இவ்வைந்தையும் அளவுகோலாகக் கொண்டு நகரத்தைச் சுற்றி வந்தால், அநாதைச் சிறுவர் விடுதியும் முதியோர் இல்லமும் மட்டுமல்லாமல், 1928இல் தோன்றிய மியூசிக் அகாடமியும், 1882 முதல் அடையாற்றில் தலைமையிடம் கொண்டுள்ள பிரம்மஞான சபையும், பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காக 1918இல் பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் முன்னின்று வளர்த்த சென்னைத் தொழிலாளர் சங்கமும், மாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்கப் பணம் வசூலிக்கும் குடியிருப்போர் சங்கமும் ஒரே குடையின் கீழ் வந்து நிற்கக் காண்போம். அந்தக் கைந்நூல் கலை முதல் சமயம் வரை பன்னிரண்டு பிரிவுகள் வகுத்து இவற்றை இனம் பிரிக்கிறது. 'தர்மம்' என்ற நம் சொல்லோ கொடுப்பவனுடைய நெஞ்சை நோக்கி எழுந்தது. கணக்கனின் வகுப்போடு அது முழுதும் பொருந்துவதில்லை. ஆயினும், கணக்கனின் வகுப்பை ஒதுக்கிவிடவும் கூடாது. அன்பர்கள் கூடிப் பாட்டுக் கேட்பதற்கென வைத்த சபையும் ஊர்ப் பொது வாழ்வின் ஓர் அங்கமேயன்றோ?

இனி ஏடுகளுக்கு வருவோம். சென்னையில் இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரே ஏடு என்பது கிடையாது. ஏழு பேர் கூடினால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் ஒரு சங்கத்தைப் பதியலாம். அதற்கு முந்திய சங்கங்கள் 1860ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் கீழ்ப் பிறந்தவை. டிரஸ்ட் என வழங்கும் அறக்கட்டளையோ சார்பதிவாளர் அலுவலகத்தில் வீட்டுப் பத்திரங்களுக்கும் நிலப் பத்திரங்களுக்கும் நடுவே ஒரு சாசனமாகப் போய் ஒளிந்துகொள்கிறது. பம்பாய் ராஜ்யம் 1950இலேயே பொது அறக்கட்டளைகளுக்கெனத் தனிச் சட்டமும் தர்ம கமிஷனர் என்ற அதிகாரியும் கண்டது. சமயச் சார்பற்ற அறக்கட்டளைகளுக்கு அத்தகைய ஏற்பாடு நம்மிடம் இல்லை. ஹிந்து சமய தர்மங்கள் அறநிலையத் துறையிடமும், இஸ்லாமிய தர்மங்கள் வக்ஃபு வாரியத்திடமும், லாப நோக்கற்ற கம்பெனிகள் கம்பெனிப் பதிவாளரிடமும், தொழிற்சங்கங்கள் தொழிலாளர் துறையிடமும் பதிவு பெறுகின்றன. வருமான வரி அலுவலகத்தில் வரிச்சலுகை பெற்றவற்றின் வேறொரு பட்டியல் இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டினால் ஒரே ஸ்தாபனம் மூன்று முறை எண்ணப்படும். சில ஸ்தாபனங்கள் ஒருமுறையேனும் எண்ணப்படா.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. நம் ஏடுகளில் பிறப்பு எழுதப்படுகிறது. இறப்பு எழுதப்படுவது அரிது. மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் நாடு முழுவதற்கும் எடுத்த கணக்கில், 2008ஆம் ஆண்டு முடிய 31.7 லட்சம் சங்கங்கள் பதிவாகியிருக்கக் கண்டது. ஆனால், ஊழியர்கள் விலாசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தேடிப் போனபோது அவற்றில் இருக்குமிடம் தெரிந்தவை ஏறத்தாழ 7 லட்சமே. ஆதலால், ஒரு நகரத்துக்குப் பதிவுத் தொகையைக் காட்டி இத்தனை ஆயிரம் என்று பெருமிதமாகக் கூறுபவர், தெருவில் நடமாடும் மனிதரோடு மயானத்தில் உள்ளோரையும் சேர்த்தே எண்ணுகிறார் என்று அஞ்சுகிறேன்.

ஆயினும், தொகையைக் காட்டிலும் வகை தெளிவாகத் தெரிகிறது. வகையும் அடுக்கடுக்காகக் காலத்தோடு படிந்திருக்கிறது. அடியில் உள்ள அடுக்கு உயில்களால் ஆனது. அதற்கு இலக்கணமாக நிற்பவர் பச்சையப்ப முதலியார். துபாஷியாக இருந்து பெரும் பொருள் ஈட்டிய அவர் 1794இல், நாற்பது வயதளவிலேயே, காசி முதல் குமரி வரை கோயில் கட்டளைகளுக்கும் அன்னதானத்துக்கும் தம் செல்வத்தை எழுதி வைத்து மறைந்தார். பின்னர் என்ன நேர்ந்தது? வாரிசு வழக்குகளிலும் நிர்வாகக் குளறுபடிகளிலும் தர்மம் தூங்கியது. அக்காலச் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் அட்வொகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் இடைவிடாது முயன்றதன் பயனாகவே அப்பணம் மீட்கப்பட்டு, சமய தர்மங்களுக்குப் போக மிஞ்சியது கல்விக்கென்று ஒதுக்கப்பட்டது. 1842 ஜனவரி முதல் நாள் பள்ளிக்கூடம் திறந்தபோது உயில் எழுதியவர் இறந்து ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. நன்கொடையாளர் கனவிலும் கருதாத ஒரு நற்பயனை ஒரு நீதிமன்றத் திட்டம், 'ஸ்கீம்' என்று வக்கீல்கள் சொல்வார்களே அது, ஈன்று தந்தது. இன்றளவும் நகரின் பழைய தர்மங்கள் பலவற்றின் கதை ஸ்கீம் வழக்குகளின் கதையே. இதை வழக்கறிஞர் மட்டும் அறிந்த விஷயமாக விட்டுவைத்திருப்பது வருந்தத்தக்கது. பொருளைக் கொடுத்தவர்களை நாம் போற்றுகிறோம், அப்பொருளைக் காத்துக் கரை சேர்த்தவர்களை மறந்துவிடுகிறோம்.

அதற்கு மேலடுக்கு உயிரோடிருந்தவர்கள் தம் உழைப்பைக் கொண்டு எழுப்பியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னையில் விளைந்த விளைச்சலை நினைக்கையில் மனம் பூரிக்கிறது. 1905இல் சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் அருளாசியோடு ராமசாமி ஐயங்கார் தொடங்கிய மயிலாப்பூர் மாணவர் இல்லம். பால்ய விதவையாக வாழ்வு முடிந்துவிட்டது என்று உலகம் தீர்ப்பளித்த நிலையில் பி.ஏ. பட்டம் பெற்று, தம்மைப் போன்ற சிறுமியர் சிலருக்குத் தம் வீட்டையே பள்ளியாக்கி, 1912இல் சாரதா மகளிர் சங்கம் கண்டு, பின்னர் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அவர்களுக்கு விடுதி நடத்திய சகோதரி சுப்பலட்சுமி. தேவதாசி முறையினின்று தப்பி நள்ளிரவில் தம் வாயிலைத் தட்டிய பெண்களுக்காக 1930இல் அவ்வை இல்லத்தைத் திறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1937இல் ஆந்திர மகிளா சபையைத் தோற்றுவித்த துர்க்காபாய். அம்முத்துலட்சுமி அம்மையாரே, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தைப் பல்லாண்டுகள் நெஞ்சில் சுமந்து, 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அம்மருத்துவமனை இன்று நாடறிந்தது. டாக்டர் சஞ்சீவி 1958இல் தோற்றுவித்த தன்னார்வ மருத்துவ சேவை நிறுவனம், குடும்பத்தின் வருமானத்துக்கேற்ப ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கும் முறையை, மருத்துவக் காப்புறுதி என்ற சொல் சாமானியர் வாயில் புழங்காத காலத்திலேயே நடத்திக் காட்டியது. இவர்களில் எவரும் முதலில் மூலதனத்தைத் தேடிக்கொண்டு பின்னர்த் தொண்டுக்கு வரவில்லை. வாயிலில் வந்து நின்ற ஒருவருக்காகக் கதவைத் திறந்தனர். பணம் பிறகு வந்தது.

மூன்றாம் அடுக்கைச் சுருங்கவே சொல்லலாம். டாக்டர் பத்ரிநாத் 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா, டாக்டர் சாரதா மேனன் 1984இல் மனநோயாளருக்காக நிறுவிய ஸ்கார்ஃப், தெருவில் அலையும் மனநலம் குன்றிய பெண்களுக்காக 1993இல் இளம் பெண்கள் இருவர் கண்ட பேன்யன் ஆகியவை சம்பளம் பெறும் நிபுணர்களும் ஆராய்ச்சியும் கொண்ட ஸ்தாபனங்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறித்த அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் தம் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என விதித்தபின், தொண்டின் மொழியே திட்ட அறிக்கையின் மொழியாகி வருகிறது. இதனால் நன்மை உண்டு. ஆனால், அறிக்கை எழுதத் தெரிந்த ஸ்தாபனத்துக்கே பணம் சேருவதும், எழுதத் தெரியாமல் இருபது முதியோருக்குச் சோறு போடும் சிறு இல்லம் வாடகைக்கு அலைவதும் நியாயமன்று என்பதை மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த ஏட்டிலும் ஏறாத ஓர் அடுக்கும் உண்டு. சித்திரை வெயிலில் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர், ஆடி மாதம் அம்மன் கோயில் வாயிலில் கூழ் வார்ப்பவர், ரமலான் நோன்புக்குக் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல் இளைஞர் ஆகியோருக்கு ரசீதுப் புத்தகமும் கிடையாது, ஆடிட்டரும் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கியபோது, படகோடு வந்த மீனவரும், தம் அடுப்பில் பொங்கிய சோற்றைப் பொட்டலம் கட்டி அனுப்பிய இல்லத்தரசிகளும், இரவெல்லாம் விலாசம் சேகரித்து உதவி எங்கே வேண்டும் என்று அறிவித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவரும் எந்தச் சங்கத்தின் உறுப்பினர்? அடுத்த வாரத்தில் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டனர். இந்நகரின் தர்மத்தை அளப்பவர் இவர்களை விட்டுவிட்டு எழுதும் தொகை குறைத் தொகையே.

ஆகவே என் விண்ணப்பம் மிகச் சிறியது. ஒவ்வொரு வட்டத்திலும் உள்ள சங்கங்கள், தாம் தொடங்கிய ஆண்டு, செய்யும் காரியம், பயன்பெறுவோர் தொகை, ஊதியம் பெறுவோர் எத்தனை பேர், ஊதியமின்றி வருவோர் எத்தனை பேர் என்ற ஐந்து விவரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, இத்தகைய விழா மலர்களின் பின்பக்கங்களில் வெளியிடட்டும். மூடிப்போன சங்கத்தின் கடைசிச் செயலாளர் உயிரோடிருப்பின், அது மூடிய ஆண்டையும், மிஞ்சிய பாத்திரங்களும் பெஞ்சுகளும் யாரிடம் போயின என்பதையும் சேர்த்து எழுதட்டும். மணியக்காரர் சத்திரத்தைப் பற்றி நாம் அறிவது, அக்காலத்தவர் எவரோ அதை எழுதி வைத்ததனால்தான்.