கண்ணிலிருந்து புறப்படும் கதிர்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து அபிஷேகப்பட்டிக்குச் சென்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் மாணவர் ஒருவர், தம் வரைகலைப் பாடத்தை நம்மிடம் விளக்கினார். திரையின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் கண்ணிலிருந்து ஒரு கதிரைச் செலுத்தி, அது எப்பொருளில் படுகிறது எனக் கணக்கிடுவது 'ரே டிரேசிங்' முறை. 1968இல் ஆர்தர் ஆப்பெல் வழிகாட்ட, 1980இல் டர்னர் விட்டெட் பிரதிபலிப்பையும் ஒளிவிலகலையும் அதில் இணைத்தார்.

நாம் திடுக்கிட்டோம். கண்ணிலிருந்து கதிர் கிளம்புகிறது என்றவர்கள் யூக்ளிடும் தாலமியும் அல்லரோ? பஸ்ராவில் ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பிறந்த இப்னுல் ஹைதம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் அதனை மறுத்தார். ஒளி பொருளிலிருந்தே கண்ணுக்கு வருகிறது. பேரொளியை நோக்கினால் கண் நோவது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று.

கணினி பழைய பிழைக்குத் திரும்பிவிடவில்லை. விளக்கின் கதிர்களில் மிகச் சிலவே கண்ணை அடைகின்றன. ஏனையவற்றைக் கணக்கிடுவது வீண். ஒளியின் பாதை போகவும் வரவும் ஒன்றே ஆதலின் கணக்கைக் கண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். இது சிக்கனமே தவிர, பார்வை பற்றிய கொள்கை அன்று. 'எல்லாம் நம்மவர் கண்டதே' என மேடைகளில் முழங்குவோர் இத்தகைய நுட்பங்களில் நிற்பதில்லை.

கோள ஆடியின் எப்புள்ளியில் பட்டு ஒளி கண்ணை அடையும் என்ற வினாவுக்கு இப்னுல் ஹைதம் விடை கண்டார். அது 'அல்ஹாசன் கணக்கு' எனப்படுகிறது. அப்பெயர் அல்ஹஸன் என்பதன் இலத்தீன் உருவம் என்பதை அம்மாணவர் அறிந்திருக்கவில்லை. நாமோ அன்றுவரை விட்டெட்டை அறிந்திருக்கவில்லை.