குழலாசிரியனும் மாணாக்கனும்

மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் இசையை முதலிற் கண்டது காகிதத்திலேயாம். ஐந்து கோடுகளும் அவற்றின்மேற் குந்தியிருக்கும் புள்ளிகளுமே எமக்குச் சங்கீதம். ஆதலால், புல்லாங்குழல் கற்கப் புறப்பட்டபோதும் சுரங்கள் எழுதிய புத்தகமொன்றையே முதலில் வாங்கினோம். மூன்று மாதம் ஊதியும் சரளி வரிசை வரிசையாகவே நின்றது, இசையாகவில்லை. பின்னர் நாம் அடைந்த ஆசிரியரோ குழலைத் தொடவும் விட்டாரில்லை. “முதலிற் பாடும் தம்பி, குழல் பிறகு” என்றார். பாட வராதபடியாலன்றோ குழலை நாடினோம் என்று உள்ளூரச் சினந்தோம். அவர் கூறியது தம் சொந்தப் பிடிவாதமன்று, பழைய மரபொன்றின் விதி என்பதைப் பின்னர் நூல்களைப் புரட்டியபோதே அறிந்தோம்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்கு வேண்டிய ஆசிரியர்களை இளங்கோவடிகள் ஒவ்வொருவராய்க் காட்டுகின்றார். அவர்களுள் குழலாசிரியனும் ஒருவன். அவனுக்கு அடிகள் முதன்மையாக வேண்டுவது விரல் வேகமன்று, செவி. குரல், இளி என்னும் இரண்டு சுரங்களும் ஒத்திசைப்பதைக் கேட்டுணர வேண்டும். தண்ணுமை முதல்வனோடு பொருந்திச் செல்ல வேண்டும். இசையோன் பாடியதை வளர்த்துப் பாட்டின் எழுத்துக்கள் வழுவின்றி ஒலிக்க ஊத வேண்டும். சொல் சொல்லாத கருவியினிடத்துச் சொல்லை எதிர்பார்த்த நுட்பம் வியக்கத்தக்கது.

அதற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் குழல் செய்யும் முறையையும் விரிக்கின்றார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்னும் ஐந்தினாற் குழல் செய்யலாம், மூங்கிலே உத்தமம். வெட்டிய மரத்தை நிழலில் ஆறவிட்டு, பிளவும் திருகலும் இல்லாமை அறிந்து, ஓராண்டு கழிந்தபின்னரே துளையிட வேண்டும். நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல். இடக்கை விரல் மூன்றும் வலக்கை விரல் நான்கும் துளைகளின்மேல் நிற்கும். இன்று எமது ஆசிரியர் விரல் வைக்கக் காட்டித் தந்ததும் இதே கணக்கே. ஓராண்டு காத்திருக்கும் மரத்தின்முன் எமது மூன்று மாதப் பொறுமையின்மை நாணத் தக்கதாயிற்று.

காரைதீவிற் பிறந்து, எம்மைப் போலவே மிஷன் கல்லூரியிற் படித்த விபுலாநந்த அடிகள், இதே அரங்கேற்று காதையின் யாழாசிரியன் பகுதியை ஆராய்ந்தே 1947இல் யாழ் நூலை வெளியிட்டார் என்பதையும் ஈண்டு நினைக்கின்றோம்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். புல்லாங்குழலைத் தென்னாட்டுக் கச்சேரி மேடையில் தனித்து நிற்கும் கருவியாக உயர்த்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904). அவர் இளமையிலேயே கண் பார்வை இழந்தவர். புத்தகமும் கோடும் புள்ளியும் அவருக்கு இல்லை, செவியொன்றே பள்ளிக்கூடம். 32 வயதில் மறைந்தாரெனினும், அவர் வழியைப் பல்லடம் சஞ்சீவ ராவ் (1882–1962) மேடைதோறும் கொண்டு சென்றார்.

அடுத்து வந்தவர் திருவிடைமருதூர் டி. ஆர். மகாலிங்கம் (1926–1986). ‘மாலி’ என்றே யாவரும் அழைப்பர். அவருக்குக் குழல் சொல்லித் தந்தவர் எவருமிலர். மாமனார் கோபாலையர் கற்பித்தது வாய்ப்பாட்டே. கேட்ட பாட்டைச் சிறுவன் தானே குழலிற் தேடிக் கண்டான். 1933இல், 7 வயதில், மயிலாப்பூரிற் கச்சேரி செய்தான். துளையை முழுவதும் மூடாமல் விரலைச் சரித்தும் உதட்டை மாற்றியும், தொண்டையில் எழும் கமகத்தை அவர் மூங்கிலில் எழுப்பினார். ஆசிரியரின்றிக் கற்றதற்கு மாலியைச் சான்று காட்டுவோர் எம் நண்பருள்ளும் உளர். அவர்கள் மறப்பது அந்த வாய்ப்பாட்டுப் பாடத்தை! மாலியின் மாணாக்கர் என். ரமணிக்கும் (1934–2015) தொடக்கத்தில் ஆசிரியராய் அமைந்தவர் அவருடைய பாட்டனாரே. அப்பாட்டனார் சரப சாஸ்திரிகளின் மாணாக்கர்.

மற்றொரு கிளை திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையுடையது (1898–1961). நாகசுரக் குடும்பத்திற் பிறந்த அவர், குழலிற் பாட்டின் சாகித்தியம் கேட்க வேண்டும் என்னும் கொள்கையினர். அவருடைய மாணாக்கர் டி. விசுவநாதன் (1927–2002), வீணை தனம்மாளின் பேரர், பாலசரஸ்வதியின் தம்பி. அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலையிற் பல்லாண்டு கற்பித்தார் (அப்பெயர் எம் போன்றார்க்குப் பழக்கமானதே). கச்சேரி நடுவே குழலை வாயினின்று எடுத்து, ஊதிய அடியையே பாடிக் காட்டி மீண்டும் ஊதுவது அவர் வழக்கம். இளங்கோவடிகள் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

எமது ஆசிரியர் தைப்பொங்கலுக்குப் பின்னரே குழலைக் கையில் தந்தார். இப்போது மோகன வர்ணம் நடக்கின்றது. தவறும் இடத்திற் குழலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “எங்கே, பாடும் பார்ப்பம்” என்கிறார். பாடுகின்றோம்; பாட்டிலும் அதே இடத்திலேதான் தவறுகின்றோம்.