திராட்சைப் பள்ளத்தாக்கின் குளங்களும் ஏரியும்



ஒருநாள் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு நீர்நிலைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். "குளம் என்றால் என்ன?" என்று கேட்டோம். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, "அங்க போனா அம்மா அடிப்பாங்க, சார்" என்றான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் அவன் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பிறந்த பிள்ளைக்குக் குளம் என்றால் ஈயம் தோண்டிய பள்ளம்தான். இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றிலும் அவை கிடக்கின்றன. ஈயக் கப்பல்கள் மண்ணை அள்ளி, அலசி, ஈயத்தை எடுத்துக்கொண்டு போன பின் தேங்கிய நீர். கரை சரியும், ஆழம் தெரியாது. 2014-ஆம் ஆண்டு வறட்சியில் சிலாங்கூரில் தண்ணீர் பங்கீடு செய்த போது இந்தப் பள்ளங்களின் நீரைச் சிலாங்கூர் ஆற்றில் இறைத்துவிட்டார்கள். அதுவரை அவற்றை யாரும் நீர்நிலை என்று மதித்ததாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் குளம் என்றால் பொருள் வேறு. அது தோண்டி எறிந்த பள்ளம் அன்று. கட்டிக் காத்த சொத்து. மழைநீர் ஓடிவரும் சரிவை மறித்துக் கரை போடுவார்கள். வயலுக்கு நீர் விட மதகு இருக்கும். நீர் மிஞ்சினால் வழிந்து அடுத்த குளத்துக்குப் போகக் கலிங்கு இருக்கும். மதுரைப் பக்கத்தில் இதையே கண்மாய் என்கிறார்கள். இதை நேரில் காண வேண்டும் என்ற ஆசையில் ஒரு பள்ளி விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்குச் சென்றோம். திராட்சைக்குப் பேர்போன இடம். நீர் ஓடிவரும் திசைக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலாகப் போவது என்று முடிவு செய்துகொண்டோம்.

முதலில் கண்டது வைகை அணை. 1959-இல் திறக்கப்பட்டது, உயரம் 111 அடி. அடிவாரத்தில் பூங்கா, பிள்ளைகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. நாங்கள் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

தேனியைக் கடந்து சின்னமனூர், உத்தமபாளையம் என்று தென்மேற்கே போகப் போக இரு புறமும் மலை நெருங்கி வருகிறது. நடுவில் பச்சை வயல். இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் நிலம். கம்பத்தில் வீரப்பநாயக்கன் குளம், கூடலூரில் ஒட்டான்குளம் என்று வழியெங்கும் குளங்கள். நம் தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் காட்சி புதிதன்று. அங்கே பெர்ணம் ஆற்று நீரை வாய்க்கால் வெட்டித் தெங்கி ஆற்றுக்குத் திருப்பி வயலுக்கு விடுகிறார்கள். இங்கேயும் ஓர் ஆற்றின் நீர் வேறோர் ஆற்றுக்குத் திருப்பப்பட்டதுதான். நடுவில் ஒரு மலை நிற்கிறது. அது ஒன்றே வேற்றுமை.

திராட்சைத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தல். கொடி முழுதும் மேலே படர்ந்திருக்க, கருநீலக் கொத்துகள் கீழே தொங்குகின்றன. இதற்குப் பன்னீர் திராட்சை என்று பெயர். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் இப்பகுதிக்குக் கொண்டுவந்தார் என்பர். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உண்பதற்கும், சாறு பிழிவதற்கும், மது வடிப்பதற்கும் ஏற்ற பழம். ஐரோப்பாவில் திராட்சை ஆண்டுக்கு ஒருமுறைதான் காய்க்கும். இங்கே கவாத்து செய்த நாலு மாதத்தில் அறுவடை, மறுபடியும் கவாத்து. ஆகவே ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும்.

தோட்டக்காரர் எங்களை உட்காரவைத்துப் பழம் கொடுத்தார். "மலேசியாவா அண்ணே? ரப்பர் இன்னும் வெட்டுறீங்களா?" என்று கேட்டார். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது என்றோம். அப்போது எங்களுக்கு ஒரு நினைவு வந்தது. மலாயாவில் முதன்முதலாக வாணிக முறையில் செம்பனை நட்ட இடம் நம் பத்தாங் பெர்ஜுந்தை தென்னமரம் தோட்டம், ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறந்தது, கொன்யாக் மதுவுக்குப் பேர்போன திராட்சை வட்டாரத்தில். இதைச் சொன்னதும் தோட்டக்காரர் சிரித்தார். "அப்ப எங்களுக்கும் உங்களுக்கும் பயிரு கொடுத்தது ஒரே தேசத்து ஆளுன்னு சொல்லுங்க!"

தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். மேற்கே மலையைக் காட்டினார். "ஆத்துல தண்ணி ஓடுனாத்தான் கெணறு ஊறும். கெணறு ஊறுனாத்தான் பந்தல் நிக்கும். எல்லாம் பெரியாத்துத் தண்ணி."

அந்தப் பெரியாற்றின் கதையைத்தான் இன்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் ஆறு. அந்தப் பக்கம் மழை மிகுதி. கிழக்கே மதுரை, இராமநாதபுரம் சீமைகளில் வைகையை நம்பிய வயல்கள் வானம் பார்த்துக் கிடந்தன. மலைக்கு அந்தப் புறம் ஓடும் நீரை இந்தப் புறம் திருப்பினால் என்ன என்ற எண்ணம் வெள்ளைக்காரருக்கு முதலில் தோன்றியதன்று. 1789-லேயே இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதை ஆராயச் செய்தார். செலவு தாங்காது என்று விட்டுவிட்டார். 1808-இல் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் வந்து பார்த்து, நடக்காத காரியம் என்று எழுதினார்.

1850-இல் மண்ணால் அணை கட்டத் தொடங்கினார்கள். நேயர்களே, இந்த இடத்தைச் சற்றுக் கவனியுங்கள். காடு, அட்டை, குளிர்காய்ச்சல். வேலைக்குப் போன ஆட்கள், "இந்த நோய் பிடித்த இடத்தில் வேலை செய்ய வேண்டுமானால் கூலியைக் கூட்டிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை. அணை வேலை கைவிடப்பட்டது. அவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்ததை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

பிறகு வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை. தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். 1877-இன் தொடக்கத்தில் நிவாரண வேலையில் கல் உடைத்த ஆண் ஆளுக்கு ஒருநாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். அந்தக் கூலியில் வேலை செய்ய உடம்பு எப்படித் தாங்கும்? பஞ்சத்துக்குப் பின்தான் அரசுக்குப் பெரியாற்றின் நினைவு மறுபடியும் வந்தது.

1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. 1887-இல் வேலை தொடங்கிற்று. தலைமைப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக். சென்னைப் பயனியர் படையின் வீரர்களும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்களும், ஆயிரக்கணக்கான கூலியாட்களும் உழைத்தார்கள். அஸ்திவாரம் போட வேண்டுமானால் முதலில் ஆற்றை ஒதுக்க வேண்டும். ஒதுக்கத் தற்காலிகக் கரை கட்டுவார்கள். வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகும். மறுபடியும் கட்டுவார்கள். சிமெண்டு இல்லை, கல்லும் சுண்ணாம்பும் செங்கல் பொடியான சுர்க்கியும்தான். அடி முதல் 176 அடி உயரம், 1,200 அடி நீளம். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

கட்டும்போது நோயால் மாண்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர்கள் 483 பேர் என்று பதிவு இருக்கிறது.

பென்னிகுவிக் தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று அந்த வட்டாரம் முழுவதும் சொல்கிறார்கள். மக்களின் அன்பு பெற்றெடுத்த கதை அது. அணை கட்டியது சென்னை அரசின் பணத்தில். ஆனால் அன்பு பொய்யன்று. லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் எழுப்பினார்கள். அவர் பிறந்த நாளான ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறார்கள். நாங்களும் அந்தச் சிலைமுன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். 1850-இல் கூலி கேட்டவர்களுக்கும் அங்கே ஒரு கல் இருந்திருக்கலாம் என்று எங்களுக்குப் பட்டது.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் பெரிய இரும்புக் குழாய்கள் மலையிலிருந்து செங்குத்தாக இறங்குகின்றன. ஏரியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக, ஒரு மைலுக்குச் சற்று மேல் ஓடி, இந்தக் குழாய்களில் விழுந்து, கீழே மின்சாரம் கொடுத்துவிட்டு, ஆற்றில் கலந்து வயலுக்கும் கிணற்றுக்கும் போகிறது. அணையில் 104 அடிக்கு மேல் நிற்கும் நீர்தான் சுரங்கத்துக்குள் ஏறும். ஆகவே நீர்மட்டம் எத்தனை அடி என்பது அங்கே அன்றாடப் பேச்சு. 1979-இல் அணையின் பாதுகாப்பைக் கருதி 136 அடியாகக் குறைத்தார்கள். வழக்கு நடந்து, 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கேரளத்தில் அணைக்குக் கீழே குடியிருப்போர் அச்சம் ஒருபுறம். பந்தலுக்கடியில் நின்று பேசிய தோட்டக்காரரின் கவலை ஒருபுறம். இரண்டையும் நாங்கள் கேட்டோம்.

மாலையில் தேக்கடிக்குப் போய்ப் படகு ஏறினோம். ஏரி நடுவே பட்ட மரங்கள் நீருக்கு மேல் தலை நீட்டி நிற்கின்றன. 1895-இல் மூழ்கிய காட்டின் மரங்கள். அவற்றின்மேல் நீர்க்காகங்கள் இறகை உலர்த்திக்கொண்டிருந்தன. கரையில் யானைக் கூட்டம் தெரிந்ததும் எல்லோரும் ஒரு பக்கமாக எழ, படகுக்காரர் அதட்டி உட்காரவைத்தார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெரியவள், எங்கள் மாமியார், யானையைப் பார்க்காமல் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனார் மேலூர்ப் பக்கத்துக்காரர். ரஜுலா கப்பலில் வந்து கோலசிலாங்கூரில் பால் வெட்டியவர். பெரியாற்று வாய்க்கால் மேலூர் வரை போகிறது என்று சொன்னோம். "தண்ணி வந்துச்சுன்னா அப்புறம் ஏன் எங்கப்பா கப்பல் ஏறுனாரு?" என்று கேட்டார்.

வாய்க்கால் வந்தது நிலத்துக்கு என்றோம். நிலம் யாரிடம் இருந்தது என்பதை அவர் கேட்கவில்லை, அவருக்கே தெரியும்.

அணை எந்தப் பக்கம் என்று படகுக்காரரை விசாரித்தோம். தெற்கே மலை மடிந்து மறையும் இடத்தைக் கையால் காட்டினார். பார்க்க வருவோரை அதுவரை விடுவதில்லை. அந்த 483 பேர் கிடக்கும் இடமும் அந்தப் பக்கம்தான். மாமியார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பன்னீர் திராட்சையில் ஒரு பிடி எடுத்து நீரில் விட்டார். படகு திரும்பிற்று.