சுபாஷ் முகர்ஜியும் உறைந்திருந்த 53 நாள்களும்

இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை எப்போது பிறந்தது? 1986 ஆகஸ்ட் 6, மும்பை கே.இ.எம். மருத்துவமனை என்பதே நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்த விடை. 1978 அக்டோபர் 3, கொல்கத்தா என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் விடைக்கு உரியவரான சுபாஷ் முகர்ஜியைப் பெரும்பாலோர் அவருடைய மரணத்தின் வழியாகவே அறிவர். தபன் சின்ஹாவின் ‘ஏக் டாக்டர் கீ மௌத்’ திரைப்படத்துக்கும் அதில் பங்குண்டு. அந்தத் துயரக்கதையின் நிழலில் அவருடைய அறிவியல் மறைந்துபோயிற்று என்பது என் கருத்து.

1931இல் ஹசாரிபாகில் பிறந்த முகர்ஜி, கொல்கத்தாவில் மருத்துவம் பயின்று, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உடலியங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் எடின்பரோவில் ஜான் லொரைனின் ஆய்வுக்கூடத்தில் ஹார்மோன் அளவீட்டு முறைகளில் ஆய்வு செய்து 1967இல் இரண்டாம் முனைவர் பட்டம் பெற்றார். ஹார்மோன்களை அளக்கக் கற்றவர் என்பதை நினைவில் கொள்க. பின்னாளில் அவர் எடுத்த முடிவுகள் அங்கிருந்தே கிளைக்கின்றன.

எழுபதுகளில் உடலுக்கு வெளியே கருவுறச் செய்ய முயன்றோர் அனைவரும் ஒரே இடத்தில் இடறினர். ஊக்க ஹார்மோன் கொடுத்தால் ஒரே சுழற்சியில் பல சினைமுட்டைகள் கிடைக்கும். ஆனால் அதே ஊக்கம் சுழற்சியின் பிற்பாதியைக் குலைத்துவிடும். கரு வந்து பதிய வேண்டிய வேளையில் கருப்பையின் உட்படலம் அதற்கு ஆயத்தமாக இராது. இங்கிலாந்தில் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் ஊக்க ஹார்மோனையே கைவிட்டு, இயற்கைச் சுழற்சியில் முதிரும் ஒற்றை முட்டையை லேப்ராஸ்கோப்பி வழியாக எடுத்தனர். 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் பிறந்தது அவ்வழியில்தான்.

முகர்ஜி ஹார்மோனைக் கைவிடவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பெறப்படும் கொனடோட்ராபினைக் கொடுத்துப் பல முட்டைகளை முதிரச் செய்தார்; லேப்ராஸ்கோப்பி இல்லாமல் யோனிவழிச் சிறு கீறலின் மூலம் அவற்றை எடுத்தார். கருவுற்றபின் 8 செல் நிலையில் டைமெத்தில் சல்ஃபாக்சைடைக் காப்புப்பொருளாகக் கொண்டு கருவை உறையவைத்தார். குளிர்பதனத்தில் அவருக்குத் துணைநின்றவர் சுனித் முகர்ஜி. மகப்பேற்று மருத்துவத்தில் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. 53 நாள்களுக்குப் பின், ஊக்கத்தின் தாக்கம் தணிந்த வேறொரு சுழற்சியில், கரு கருப்பைக்குள் வைக்கப்பட்டது. லூயிஸுக்கு 70 நாள்கள் இளையவளான அக்குழந்தை பொதுவெளியில் ‘துர்கா’ என்று அறியப்பட்டாள். உறைந்த கருவிலிருந்து உண்டான கர்ப்பத்தை ஆஸ்திரேலியாவின் டிரவுன்சனும் மோரும் அறிவித்தது 1983இல். இன்று கருக்களையெல்லாம் உறையவைத்து, அடுத்தடுத்த சுழற்சிகளில் மாற்றுவது உலகெங்கும் அன்றாட வழக்கம்.

(மொழியியல் பயின்றவளுக்கு ஓர் உறுத்தல்: ‘சோதனைக் குழாய்’ இக்கதையில் எங்குமே இல்லை. ‘இன் விட்ரோ’ என்னும் லத்தீன் தொடருக்குக் ‘கண்ணாடியில்’ என்பதே பொருள். ஆயினும் இடுக்கண் என்ற பொருளும் ஏறிய நம் ‘சோதனை’, முகர்ஜியைப் பொறுத்தவரை பொருந்தாமலும் இல்லை.)

1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் வானொலி இயற்பியலாளர். குழு அவருடைய கூற்றை ஏற்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்த அழைப்புக்கு அரசு அனுமதி மறுத்தது. பாங்குராவுக்கு மாற்றினர், 1981 ஜூனில் கண்ணியல் நிறுவனம் ஒன்றுக்கு மாற்றினர். ஹார்மோன் ஆய்வாளருக்கு அங்கே என்ன பணி இருந்திருக்க முடியும்? அம்மாதம் 19ஆம் நாள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருடைய கட்டுரை 1978இலேயே ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் கிரையோஜெனிக்ஸ்’ இதழில் வெளிவந்துவிட்டது. எனினும் இனப்பெருக்க மருத்துவர் எத்தனை பேர் குளிரியல் இதழைப் புரட்டியிருப்பர்? அக்கட்டுரைக்கு வாசகரைத் தேடித்தந்தவர் டி. சி. ஆனந்த குமார். இந்திரா ஹிந்துஜாவுடன் இணைந்து 1986ஆம் ஆண்டுக் குழந்தையைச் சாத்தியமாக்கிய அறிவியலாளர் இவரே. 1997இல் கொல்கத்தாவில் முகர்ஜியின் ஆவணங்கள் இவரிடம் அளிக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்தபின், துர்காவே முதற்குழந்தை என்று ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். தம் பெயரோடு ஒட்டியிருந்த ‘முதல்’ என்னும் அடைமொழியைத் தாமே அகற்றியவர் அவர். இந்திய அறிவியல் வரலாற்றில் இதற்கு இணையான நிகழ்வை நான் கண்டதில்லை. 2002இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் முகர்ஜியின் பணியை ஏற்றது.

சான்று போதவில்லை என்பாருக்கு ஒன்று சொல்லலாம். சமூகத்தின் ஏச்சுக்கு அஞ்சிய பெற்றோர் தம் குழந்தையின் அடையாளத்தை மறைக்க விரும்பினர். முகர்ஜியின் முதன்மைச் சான்று அப்படித்தான் மறைவில் இருந்தது. தம் 25ஆம் பிறந்தநாளில், 2003இல், துர்கா தாமே முன்வந்து தம்மை வெளிப்படுத்திக்கொண்டார்.