அந்நியர் கண்ட விசயநகரம்

தலைநகர் ஒன்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு அதன் மன்னர் பொறித்த சாசனங்கள் மட்டும் போதுவதில்லை. அவை பெரும்பாலும் கொடையையும் கொடையளித்தோரையுமே போற்றுவன. தெருவில் விற்கப்பட்ட பண்டம், வாய்க்காலில் ஓடிய நீர், வாயிலில் நின்ற காவலன் ஆகியன அந்நகரத்தார்க்கு அன்றாடக் காட்சிகளாதலின், எழுதற்குரியனவாக அவர்க்குத் தோன்றுவதில்லை. அவற்றை வியந்து எழுதுபவன் முதன்முறையாக அங்கு வந்து சேரும் அந்நியனே. ஆயின், அவனது கண்ணை வரலாற்று மாணவன் எவ்வளவிற்கு நம்பலாம்? இவ்வினாவை ஆராய விசயநகரம் மிகப் பொருத்தமானது.

துங்கபத்திரையின் தென்கரையில், பாறைக் குன்றுகளிடையே 14ஆம் நூற்றாண்டில் எழுந்த இந்நகர், இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தென்னிந்தியாவின் பெருந் தலைநகராய் விளங்கிற்று. 1420ஆம் ஆண்டளவில் இதனைப் பற்றிக் கூறிய வெனிசிய வணிகன் நிக்கோலோ கொன்ரி, அதன் சுற்றளவு 60 மைல் என்றான். ஹெராத் நகரிலிருந்து ஆண்ட ஷாருக் மன்னனின் தூதுவனாக அப்துர் ரசாக் 1443இல் இங்கு வந்தபோது, இரண்டாம் தேவராயன் அரசு புரிந்தான். ஒன்றனுள் ஒன்றாக அமைந்த ஏழு மதில்கள், மணிகளும் முத்துக்களும் வெளிப்படையாக விற்கப்பட்ட கடைவீதிகள், செதுக்கிய கல்லாலான நீர்க்கால்கள் என்பனவற்றை அவன் வருணிக்கின்றான். உணவைப் போலவே ரோசா மலரும் மக்களுக்கு இன்றியமையாததாயிற்று என்பதும் அவன் கூற்று. அரசனின் தண்டநாயகன் இலங்கையின் எல்லை நோக்கிக் கடற்பயணம் சென்றிருந்தான் என அவன் தரும் குறிப்பு, ஈழத்து வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளத்தக்கது.

கிருஷ்ணதேவராயன் காலத்தில், 1520ஆம் ஆண்டளவில் வந்த போர்த்துக்கேயன் டொமிங்கோ பாயெஸ், குன்றொன்றின் மீதேறி நகரை நோக்கினான். இடையிற் குன்றுகள் மறைத்தமையால் முழு நகரும் அவனுக்குத் தென்படவில்லை. கண்ட அளவில் அது உரோமாபுரியை ஒத்த பரப்புடையதெனத் தோன்றிற்று. மக்கட்டொகையைக் கூறின் கட்டுக்கதையென்று கருதுவர் என அஞ்சி அதனை எழுதாது விடுகின்றான். தான் அறிந்த நகரைக் கொண்டு அறியாத நகரை அளத்தல் புதிதாய் வருவோனின் இயல்பு. எனினும், தன் பார்வையின் எல்லையை அவன் மறைத்தானல்லன்.

அரண்மனையைக் காண அனுமதி பெற்றபோது, காவலர் பாயெஸையும் அவனுடன் வந்தோரையும் ஒவ்வொருவராக எண்ணியே உள்ளே விட்டனர். தந்தத்தில் ரோசாவும் தாமரையும் செதுக்கிய அறையை அவர்கள் கண்டனர். மகளிர் உறையுளைக் காணவில்லை. அரண்மனையைப் பொறுத்தவரை, அரசு காட்ட விரும்பியதே விருந்தினன் கண்டது. ஆனால் மதிலுக்கு வெளியே, அரசன் அமைப்பித்த பெருங்குளமொன்றில் 15,000 முதல் 20,000 வரையான மக்கள் எறும்புகள் போல் மொய்த்து வேலை செய்ததையும் பாயெஸ் கண்டான். அக்குளம் இரண்டு மூன்று முறை உடைப்பெடுத்தபோது 60 மனிதரும் சில குதிரைகளும் எருமைகளும் பலியிடப்பட்டனவென்றும் எழுதுகின்றான். தந்த அறையை வியந்த அதே கண் இதனையும் பதிவுசெய்தது.

1535ஆம் ஆண்டளவில் வந்து சில ஆண்டுகள் தங்கிய நூனிஸ் என்பானின் எழுத்து வேறுவகையினது. குதிரை வணிகனான அவன், குடியானவர் விளைவில் பத்திலொன்பது பங்கை நிலத்தலைவர்க்குச் செலுத்தினர் என்கின்றான். இக்கணக்கை அப்படியே ஏற்றல் அரிது. ஆயினும், பாயெஸ் கண்ட பெருவளம் யாருடைய உழைப்பினின்று வந்தது என்ற வினாவை அது எழுப்புகின்றது. வந்தவன் காட்சியைக் கண்டான்; தங்கியவன் காரணத்தை வினவினான்.

1565இல் நிகழ்ந்த போரிற் பேரரசு தோல்வியுற்றபின் நகர் சூறையாடப்பட்டுக் கைவிடப்பட்டது. இன்று ஹம்பியில் எஞ்சியுள்ள சிதைவுகளே அக்குறிப்புக்களைச் சோதிக்கும் உரைகல்லாகும். கல்லாலான நீர்க்கால்கள் அப்துர் ரசாக்கின் கூற்றை மெய்ப்பிக்கின்றன. பாயெஸ் குறிப்பிட்ட முஸ்லிம் குடியிருப்பு அந்நகரில் இருந்தமைக்கு, தேவராயனின் அலுவலனான அகமத்கான் 1439இல் எடுப்பித்த பள்ளிவாசல் சான்று பகருகின்றது. ஆனால் மதில்கள் ஏழு வட்டங்களாக எஞ்சவில்லை. குன்றுகளின் போக்கைத் தழுவியே செல்கின்றன. ஒரு வழியாற் புகுந்த தூதுவன், தான் கடந்த வாயில்களை எண்ணி அவற்றை வட்டங்களாகக் கருதினன் போலும். அவன் பொய்யுரைத்தானல்லன்; நகரை ஒரு வழியிலிருந்து மட்டுமே கண்டான்.

எனவே பயணிகளின் குறிப்புக்களைப் புறந்தள்ளுதலும் தகாது. முழுமையாக ஏற்றலும் தகாது. எழுதியவன் எவ்வழியாற் புகுந்தான், யார் அவனுக்கு நகரைக் காட்டினர், எத்துணைக் காலம் தங்கினான் என்பவற்றை முதலில் வினவுதல் வேண்டும். ஹம்பியின் இடிபாடுகள் 1986இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டன. அங்குச் செல்வோர் அரச மேடையையும் கோயில் மண்டபங்களையும் கண்டு வியப்பர். குளம் வெட்டிய அந்த ஆயிரக்கணக்கானோர்க்கோ அங்குப் பெயர்தானுமில்லை. குதிரை வணிகரோடு வந்த அந்நியன் ஒருவன் அவர்களை எறும்புகளுக்கு ஒப்பிட்டு எழுதிய சில வரிகளிலேனும் அவர்கள் வாழ்கின்றனர் என்பதே, அக்குறிப்புக்களை நாம் போற்றுதற்குப் போதிய காரணமாகும்.