தொழிற்சாலை முடிக்காத வேலை: புதுக் காரைப் பழக்குவதன் வரலாறு

சென்ற வாரம் விடுதி உணவறையில் நண்பர் ஒருவர் கேட்டார்: “அவ்வளவு விலை கொடுத்து வாங்கும் ஸ்போர்ட்ஸ் காரை மறுநாளே பந்தயத் தடத்தில் ஓட்டக் கூடாதாமே. தொழிற்சாலை தன் வேலையை முடிக்கவில்லையா?” கேலியாகக் கேட்ட கேள்விதான். ஆனால் உண்மையான விடை ‘ஆம், முடிக்கவில்லை’ என்பதே. புது எஞ்சினைப் பழக்குதல் உற்பத்தியின் கடைசிக் கட்டம். அதைச் செய்யவேண்டியவர் யார் என்பது காலந்தோறும் மாறிவந்திருக்கிறது.

சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே இடுவார்கள். எண்ணெய் தங்குவது அவற்றின் பள்ளங்களில். மேடுகளைப் பிஸ்டன் ரிங்குகள் உராய்ந்து தேய்த்து, சுவரோடு பொருந்திக்கொள்கின்றன. எரிவாயுவின் அழுத்தமே ரிங்கைச் சுவரின் மீது அழுத்துகிறது. ஆகவே தொடக்கத்திலேயே முழு வேகம் கொடுத்தால் உராய்வின் வெப்பம் மேற்பரப்பைக் கெடுக்கும். மிக மெதுவாகவே ஓட்டினாலும் ரிங் பொருந்தாமல் சுவர் வழவழத்துப்போகும்.

ஃபோர்டு மாடல் டி காலத்தில் (1908–1927) இதன் ஒரு பகுதி தொழிற்சாலைக்குள்ளேயே நடந்தது. இறுக்கமாகப் பொருத்திய பேரிங்குகள் இணங்கும்வரை வெளியிலிருந்து மின்மோட்டாரால் எஞ்சினைச் சுழற்றினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அப்பொறுப்பு வாங்கியவரின் தோளில் வெளிப்படையாகவே இருந்தது. ‘பழக்கத்தில் உள்ளது, முந்திச் செல்க’ என்னும் பொருளுடைய அறிவிப்பைப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு புதுக் கார்கள் ஊர்ந்தன. பின்னர், கீறல்களின் மேடுகளைத் தொழிற்சாலையிலேயே மழித்துவிடும் முறை பரவியது. உராய்வைக் குறைக்கும் பூச்சுகளும் வந்தன. போர்ஷே தன் 917 பந்தயக் காரில் கையாண்ட நிக்கசில் பூச்சு, 1973-ஆம் ஆண்டின் கரேரா ஆர்.எஸ். 2.7 வழியாகச் சாலைக்கும் வந்தது. வாங்கியவரின் பங்கு சுருங்கியது.

ஆயினும் அது மறையவில்லை. பி.எம்.டபிள்யூ.வின் எம் வகைக் கார்கள் பலவற்றின் கையேடுகள், முதல் 2,000 கி.மீ. வரை நிமிடத்திற்கு 5,500 சுழற்சிகளையும் மணிக்கு 170 கி.மீ. வேகத்தையும் தாண்டாதிருக்கச் சொல்கின்றன. அத்தூரம் முடிந்ததும் எஞ்சின் எண்ணெயோடு பின் டிஃபரன்ஷியல் எண்ணெயும் மாற்றப்படும். பற்சக்கரங்களும் ஒன்றையொன்று தேய்த்தே இணங்குகின்றன என்பதற்கு இதுவே சான்று. பிரேக்கில் பட்டையின் பொருள் வட்டின் மீது சீராகப் படியவேண்டும். புது டயரின் வழுவழுப்பு நீங்கவேண்டும். சாலையில் இவை குறையாகத் தெரியாமல் போகலாம். தடத்தில் ஒவ்வொரு வளைவும் இவற்றின் எல்லையைத் தொடும். பந்தய அணிகளும் இக்கட்டத்தைத் தாண்டிவிடுவதில்லை. எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றிச் சில மணிநேரங்களில் அதை முடித்துவிடுகின்றன.

இனி மொழிக்கு வருவோம். பிரெஞ்சில் இது ‘ரோடாஜ்’. கொறித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையின் வழி வந்தது. ஸ்பானியத்தின் ‘ரோதாஹே’ உடன்பிறப்பைப்போல ஒலித்தாலும் உருளுதல் என்னும் வேறு வேரைச் சேர்ந்தது. அமெரிக்கரின் ‘பிரேக்கிங் இன்’ குதிரையை அடக்குவோரின் சொல். ஜெர்மானியரின் ‘ஐன்ஃபாரன்’ குதிரையை வண்டிக்குப் பழக்குதலையும் குறிக்கும். உலோகத்தில் நிகழ்வதைச் சரியாகச் சொல்வது ‘கொறித்தல்’தான். குதிரை உருவகமோ திசைதிருப்பக் கூடியது. விலங்கிடம் காட்டும் பரிவை எஞ்சினிடமும் காட்டினால் போதும் என்று அது எண்ண வைக்கிறது. ரிங்குக்கோ மிதமான சுமையும் வேண்டும்.

நம் பட்டறைகளில் ‘ரன்னிங் இன்’ என்றே வழங்குகிறது. தமிழில் ‘பழக்குதல்’ என்றால் அதுவும் காளையை வண்டியில் பூட்டிய நினைவைச் சுமக்கும். எனினும் பழகு என்னும் தன்வினையும் பழக்கு என்னும் பிறவினையும் நம்மிடம் இணையாக உள்ளன. ரிங் சுவரோடு பழகுகிறது. பல் பல்லோடு பழகுகிறது. ஓட்டுநரும் காரோடு பழகுகிறார். கிரேட்டர் நொய்டாவின் புத்த் தடத்திற்குப் புதுக் காரோடு செல்பவர் அதற்குமுன் முடிக்கவேண்டிய வேலை இம்மூன்றுமே. உங்கள் ஊர்ப் பட்டறைகளில் இதற்கு வேறு சொல் வழங்கினால் அறியத் தாருங்கள்.