ஊழிவெள்ளச் சித்திரத்தில் பூத்த உப்பு

ரோமாபுரியில் சிஸ்டைன் ஆலயத்தின் வளைந்த விதானத்தில் சித்திரந் தீட்டுவதற்காகப் போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ் அளித்த 500 டுகாட் பொற்காசுகளை முன்பணமாகப் பெற்றுக்கொண்ட செய்தியை, 1508-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி மைக்கலாஞ்சலோ தம் கைப்படக் குறித்து வைத்தபோது, பெற்றுக்கொண்ட தொழில் சித்திரமாயிருந்தும் தம்மைச் சிற்பி என்றே அதில் எழுதிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 33. சலவைக்கல்லில் அவருக்கு நிகரானவர் இத்தாலி முழுதும் இல்லையென்பது அதற்குள் ஊரறிந்த விஷயமாகிவிட்டது. ஆனால் சுவர்ச் சித்திரத்திலோ, பாலப் பருவத்தில் பிளாரென்ஸ் நகரத்துக் கிர்லாண்டாயோவின் பட்டறையில் பார்த்துப் பழகியதற்கு மேல், முற்ற முடித்த காரியமென்று காட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அவர் ஏற்றுக்கொண்ட கலையோ, பிழையைப் பொறுத்துக்கொள்ளும் இயல்பு சிறிதும் இல்லாதது. ஈரம் உலராத சுண்ணச்சாந்தின்மீது, நீரில் குழைத்த வர்ணத்தைத் தீட்டினால், சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்லக் கல்லாக இறுகும்போது வர்ணத்தையும் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்ளும்; பசையோ பிசினோ வேண்டுவதில்லை; சுவர் உள்ளவரை சித்திரமும் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றறையில் 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்து வெளிப்படுத்திய சோழர்காலச் சித்திரங்களை ரசாயன முறையில் ஆராய்ந்த எஸ். பரமசிவன், அவையும் இவ்வாறு ஈரச் சுண்ணத்தில் தீட்டப்பெற்றவையே என்று முடிவு கண்டார். ஆனால் இம்முறையில் எழுதுகிறவன் அன்றன்று எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கே காலையில் சாந்து பூசுவித்து, அது இறுகுமுன் கைவேலையை முடித்தாகவேண்டும். கோடு பிசகினால், உலர்ந்தபின் பசை கலந்த வர்ணத்தால் மேலே ஒட்டவைத்து மறைக்கலாம். அது நாளடைவில் உதிரும். அல்லது அன்றைய பூச்சை அடியோடு வெட்டியெறிந்துவிட்டு, மறுநாள் புதுச்சாந்து பூசி முதலிலிருந்து தொடங்கலாம். இவ்விரண்டைத் தவிர மூன்றாவது வழியில்லை.

விதானம் ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் உடையது. தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்திலுள்ளது. பியர்மத்தேயோ தமேலியா என்பவர் நீல வானமும் பொன் நட்சத்திரங்களுமாக முன்பு தீட்டியிருந்த பூச்சைக் களைந்துவிட்டு, பிளாரென்ஸிலிருந்து வரவழைத்த துணைவர் சிலருடன், மைக்கலாஞ்சலோ பீடத்துக்கு எதிர்ப்புறமுள்ள வாயிற்கோடியிலிருந்து வேலையைத் தொடங்கினார். முதலில் கைவைத்தது நோவாவின் காலத்து ஊழிவெள்ளம். மூழ்காமல் மிஞ்சிய குன்றின்மேல் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்து ஏறுவோரும், கவிழும் படகைப் பற்றித் தொங்குவோரும், பாறைமீது கூடாரத் துணியின்கீழ் ஒண்டிக்கொண்டிருப்போருமாக, ஏறக்குறைய 5.7 மீட்டர் நீளமும் 2.8 மீட்டர் உயரமும் கொண்ட அந்தக் களத்தினுள் அறுபதுக்கும் மேற்பட்ட உருவங்களை அவர் நெருக்கி நிறைத்தார்.

இவ்வளவும் முடிந்த சமயத்தில் சித்திரத்தின்மேல் பூசணம் படர்ந்தது. உருவங்கள் இன்னவையென்று தெரியாதபடி மங்கின. மைக்கலாஞ்சலோ நேரே போப்பாண்டவரிடம் சென்று, இது தம் கலையன்று என்று முன்பே விண்ணப்பித்துக்கொண்டதையும், செய்ததெல்லாம் பாழாய்விட்டதையும், நம்பிக்கையில்லாவிடில் ஆளனுப்பிப் பார்த்துக்கொள்ளலாமென்பதையும் தெரிவித்தாரென்று, அவர் உயிருடனிருக்கும்போதே 1553-இல் அவருடைய சரித்திரத்தை வெளியிட்ட சீடர் கொண்டிவி எழுதுகிறார். 1509-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி தந்தையாருக்கு எழுதிய கடிதத்திலும், வேலை பணம் கேட்கும் தகுதிக்கு முன்னேறவில்லையென்றும், வேலையின் கடினமும் அது தம் தொழிலல்லாமையுமே காரணமென்றும் அதே முறையீடு காணப்படுகிறது. போப்பாண்டவரோ எளிதில் இணங்கும் சுபாவமுடையவரல்லர். சித்திரக்காரரை விடுவிக்காமல், ஜுலியானோ த சங்காலோ என்னும் முதிய சிற்பசாஸ்திரியைச் சாரத்தின்மேல் ஏறிப் பார்த்துவர அனுப்பினார்.

சங்காலோவும் பிளாரென்ஸ்காரரே, எனினும் ரோமாபுரியில் நெடுங்காலம் கட்டடவேலை செய்து அவ்வூர்ச் சுண்ணாம்பின் குணாகுணங்களை அறிந்தவர். கோளாறு வரைந்த கையில் இல்லை, குழைத்த சாந்திலேதான் என்பதை அவர் பார்த்தவுடன் கண்டுகொண்டார். ரோமாபுரியில் டிராவர்டைன் என்னும் கல்லைச் சுட்டு எடுக்கும் வெண்சுண்ணாம்புடன் எரிமலைச் சாம்பல்மண்ணைச் சேர்த்துச் சாந்து குழைப்பது வழக்கம், பிளாரென்ஸிலோ ஆற்றுமணல். பிளாரென்ஸின் பழக்கத்தில் தண்ணீரைத் தாராளமாக வார்த்துக் குழைத்துவிட்டால், ரோமச் சாந்து சீக்கிரத்தில் உலராமல் ஓதம் காத்து மேலே பூத்துவிடும் என்று, கலைஞர்களின் சரித்திரங்களை எழுதிய வஸாரி காரணம் கூறுகிறார். பழைய சுண்ணாம்புச் சுவர் உப்புப் பூத்துப் பொரிவதைக் கண்ட நம் கொத்தனார் எவருக்கும் இது வியப்பாயிராது. நீரைக் குறைத்துக் குழைக்கும் பக்குவத்தைச் சங்காலோ கற்பித்தார். பூத்ததைக் காற்றே காலக்கிரமத்தில் வாங்கிக்கொள்ளுமென்று தேறுதலும் சொன்னார். வேலையை விட்டொழிப்பதற்கு ஒரு முகாந்தரம் கிடைத்ததென்று மைக்கலாஞ்சலோ உள்ளூர மகிழ்ந்திருந்தால், அந்த மகிழ்ச்சி அன்றோடு தீர்ந்தது.

கற்றுக்கொண்டபின் அவர் செய்த காரியமே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. வெள்ளச் சித்திரத்தின் பெரும்பகுதியை அவரே வெட்டியெறிந்து மறுபடியும் எழுதியிருக்கிறாரென்பது, 1980-இல் தொடங்கி 1989-இல் நிறைவெய்திய விதானச் சுத்திகரிப்பின்போது சாரமேறிச் சாந்தின் ஒட்டுகளை நெருங்கி ஆராய்ந்தவர்களுக்குப் புலனாயிற்று. முதல் எழுத்தில் எஞ்சியது, வலப்பக்கத்துப் பாறையின்மேல் கூடாரத்தின்கீழுள்ள கூட்டமே. நல்லது கெட்டது பாராமல் ஆத்திரத்தில் அனைத்தையும் அழிப்பவன் அதையும் அழித்திருப்பான். இவரோ நிற்கக்கூடியது எதுவெனத் தெரிந்து அதை நிற்கவிட்டு, அதனோடு பொருந்துமாறு மற்றவற்றைப் புதுக்கினார்.

பூசணத்தைவிடப் பெரிய குறை ஒன்று, அது நீங்கியபின்பும் அங்கே இருக்கத்தான் செய்தது. வெள்ளத்தில் தத்தளிக்கும் அத்தனை மாந்தரும் தரையில் நிற்பவனுடைய கண்ணுக்கு எட்டாத அளவு சிறியவர்கள். சாரத்தின்மேல் நின்று, தலையை அண்ணாந்து, முழங்கை தூரத்தில் எழுதிய மனிதருக்கு இது தெரியவராது. பாதி வேலை முடிந்து சாரத்தைப் பிரித்து, 1511-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அப்பகுதி திறந்துவைக்கப்பெற்றபோதுதான் கீழிருந்து பார்க்க வாய்த்தது. இந்தக் குறைக்குச் சங்காலோவிடம் மருந்தில்லை. எழுதிய பாதியைத் திருத்தப் புகுந்திருந்தால் அவர் ஆயுளும் போப்பாண்டவரின் பொறுமையும் ஒருங்கே முடிந்திருக்கும். ஆகவே எழுதியதை எழுதியவாறே விட்டுவிட்டு, எழுதவேண்டிய பாதியில் மட்டும் அளவை மாற்றினார்: உருவங்கள் பெருத்தன, எண்ணிக்கை சுருங்கியது, பின்னணி வெறுமையாயிற்று. ஆதாமைச் சிருஷ்டிக்கும் காட்சி அந்த மாற்றத்தின் பலன். தொடக்கத்தில், படித்தாளில் கோடு நெடுகத் துளையிட்டுக் கரித்தூளைத் தட்டி வடிவை இறக்கிக்கொண்ட கை, பின்னர்ச் சாந்தின்மேல் நேரே கீறியே எழுதத் துணிந்தது. வெள்ளச் சித்திரத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதப் பூச்சுகள் பிடித்தன. ஒளியையும் இருளையும் இறைவன் பிரிக்கும் கடைசிக் காட்சி ஒரே நாள் பூச்சில் முடிந்தது.

சாந்தைச் சீராக்கியது முதல் மீட்பு. அது பிறர் சொல்லிக் கேட்டுச் செய்தது, தொழில்நுட்பம் மாத்திரமே. அளவை மாற்றியது இரண்டாவது. முன்பாதியின் குறை உலகறிய நிற்கும்படி விட்டுவிட்டு, பின்பாதியை வேறு கையால் எழுதியதுபோல் எழுதும் நெஞ்சுரம் அதற்கு வேண்டியிருந்தது. என் மதிப்பில் இரண்டாவதே பெரிது. துணைவர்களைத் துரத்திவிட்டு, அவர்கள் எழுதியதைச் சுரண்டியெறிந்து, தனியொருவராக விதானம் முழுவதையும் எழுதினாரென்ற கதையை வஸாரி சுவைபடச் சொல்லிப்போனதால், இந்த அளவு மாற்றத்தின் அருமையை உலகம் போதிய அளவு பேசவில்லை.

1512-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி முழு விதானமும் திறந்துவைக்கப்பெற்றது. 1797-இல் சான் ஆஞ்சலோ கோட்டையில் வெடிமருந்து வெடித்த அதிர்ச்சியில், வெள்ளச் சித்திரத்தின் வானத்தில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. ரோமாபுரி செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள், ஆதாமின் நீட்டிய விரலைக் கண்ட திருப்தியுடன் திரும்பிவிடாமல், பீடத்துக்கு எதிர்க்கோடியிலிருந்து நடுவரிசையில் இரண்டாவதாக உள்ள களத்தையும், அதில் வலப்புறக் கூடாரத்தையும் நின்று பார்த்துவர வேண்டும்.